நெவில் பெக்சனும் காணாமல் போன ரோச் மீன்களும்

மார்ல்பி தூண்டில் சங்கத்துக்கு நெவில் பெக்சன் முப்பத்தேழு வருஷம் செயலாளராக இருந்தார். எதிர்த்து நிற்க யாரும் முன்வராததால் ஒவ்வொரு வருஷமும் அவரையே தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொரு வருஷமும் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று எங்கள் மேல் எரிந்து விழுந்துவிட்டுத்தான் பொறுப்பை வாங்கிக்கொள்வார். வேறு யாராவது கை தூக்கியிருந்தால் அவர்கள் மேல் இன்னும் அதிகமாக எரிந்து விழுந்திருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும்.

குள்ளமான, கழுத்தே இல்லாத மனிதர். அனல்மின் நிலையத்தில் டர்பைன் என்ற சுழலி ஓடும் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்ததில் காது பாதி போய்விட்டது. அதனால் எதையும் உரக்கத்தான் சொல்வார். உப்பை எடுத்துக் கொடு என்று அவர் கேட்பதே வெளியூர்க்காரர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். உண்மையாகவே சண்டை போடும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். அப்போதுதான் நாங்கள் பயப்படுவோம்.

அவருடைய சண்டை பெரும்பாலும் எங்கள் ஊர் வழியாக ஓடும் டிரென்ட் ஆற்றோடுதான். அல்லது ஆற்றை இப்படி ஆக்கியவர்களோடு.

மின் நிலையம் ஓடிய காலத்தில் அது ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி, இயந்திரங்களைக் குளிர்வித்து, வெதுவெதுப்பாகத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தது. ஜனவரி மாதத்தில்கூட ஆறு ஆவி விடும். ஊர்களின் சாக்கடையும் அதில்தான் கலந்தது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தண்ணீர் பாலில்லாத தேநீரின் நிறத்தில் இருக்கும். அந்தக் கலங்கலில் ரோச் மீன்கள் கொழித்தன. வெள்ளி உடம்பு, சிவந்த துடுப்பு, உள்ளங்கை அகலம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெஃபீல்டிலிருந்தும் லீட்ஸிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆள் வந்து இரண்டு கரையிலும் உட்காருவார்கள். ஐந்து மணி நேரத்தில் இருபது ராத்தல், அதாவது ஒன்பது கிலோ, ரோச் பிடிக்காதவன் தோற்றவன். சாயங்காலம் எடை போட்டு முடித்ததும் எல்லாவற்றையும் ஆற்றிலேயே திருப்பி விடுவோம், அடுத்த ஞாயிறு மறுபடி பிடிக்க வேண்டுமே.

தொண்ணூற்று நாலில் நிலையத்தை மூடினார்கள். நாங்கள் நெவ் என்று கூப்பிடும் நெவிலுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். அதே காலத்தில் கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஆற்றின் மேல்பகுதியில் புது ஆலை வந்தது. சில வருஷங்களில் ஆறு தெளிந்துவிட்டது. பாலத்தின் மேல் நின்றால் அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம். பத்திரிகைகள் பாராட்டி எழுதின. நெவ் மட்டும் பாலத்தின் மேல் நின்று, "நாம என்ன குடிக்கவா போறோம்?" என்று கேட்டார்.

தெளிந்த தண்ணீரில் ரோச் குறைந்தது. பிறகு கடலோரத்திலிருந்து நீர்க்காகங்கள் வந்து மரங்களில் குடியேறின. பிறகு நீர்நாய்கள் திரும்பி வந்தன. பார்பல் என்ற மீசை வைத்த பெரிய மீன் பெருத்து, பன்னிரண்டு பதினாலு ராத்தல் எடைக்கு வளர்ந்தது. அதைப் பிடிக்க ஒரு புதுக் கூட்டம் வந்தது. கட்டில் மாதிரியான நாற்காலி, ராணுவக்காரர்கள் உடுத்துவது போன்ற பச்சை உடுப்பு, கடித்தால் தானே மணியடிக்கும் தூண்டில். அவர்கள் தண்ணீரில் மிதக்கும் தக்கையைப் பார்ப்பதில்லை, கைபேசியைப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் போலிருந்தவன் டேரன் ஊலி. எங்கள் சங்கத்து உறுப்பினன்தான், நாற்பது வயதுக்காரன், கூரை போடுகிற வேலை, நல்ல மனசு. நெவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"ஆத்துல மீன் இல்லைன்னு யாரு சொன்னா?" என்று டேரன் சிரித்தபடி கேட்பான். "நேத்து ரெண்டு புடிச்சேன். ஒவ்வொண்ணும் என் மச்சான் குழந்தை சைஸ்."

"அது மீன் இல்ல, மாடு" என்பார் நெவ். "மாடு மேய்க்கணும்னா வயலுக்குப் போ."

இரண்டாயிரத்துப் பதினாறு செப்டம்பரில் சங்கத்தின் வருஷாந்திரப் போட்டி நடந்தது. அதில் ரோச் மீனுக்கு மட்டும்தான் கோப்பை, விதியை மாற்ற நெவ் விட்டதில்லை. பத்தொன்பது பேர் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தோம். ஜெயித்தவர் பிடித்தது மூன்று மீன், ஒன்பது அவுன்ஸ், கால் கிலோதான். தராசில் வலைப்பையைத் தொங்கவிட்டபோது முள் நகர்ந்ததா இல்லையா என்பதில் இரண்டு பேருக்குள் தகராறே வந்தது. நெவ் எடையை எழுதிக்கொண்டார். வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதத் தொடங்கினார்.

கடிதம் எழுதுவதில் அவர் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது, ஆனால் ஓயாதவர். அவர் சொல்லச் சொல்ல மனைவி கிளெனிஸ் தட்டச்சு செய்வாள். குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் புழு டப்பா வைக்கிற மனிதனோடு நாற்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள். மூடி சரியாக இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸுக்குப் புழுக்கள் கிளம்பி இனிப்புக் கிண்ணத்துக்குள் போன கதையை அவள் முகம் மாறாமல் சொல்வாள். அந்த இலையுதிர் காலத்தில் இருவரும் பதினான்கு கடிதம் அனுப்பினார்கள். நீர்க்காகத்தைச் சுட வேண்டும். நீர்நாய்க்கு வேலி போட வேண்டும். வளர்ப்பு ரோச் குஞ்சு லட்சம் கொண்டுவந்து விட வேண்டும். பதினான்காவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. பிரையனி லாக்வுட் என்ற மீன்வள அதிகாரி எங்கள் கூட்டத்துக்கு வந்து பேசுவதாக எழுதியிருந்தாள்.

மதுக்கடை மாடியில் கூட்டம். பிரையனிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆற்றில் மீன் எண்ணிக்கையும் எடையும் மொத்தத்தில் கூடத்தான் செய்திருக்கிறது, இனங்கள்தான் இடம் மாறிவிட்டன என்று படங்களைக் காட்டி விளக்கினாள். கலங்கல் தண்ணீரும் சூடான தண்ணீரும் ஒரு மீனுக்குச் சாதகம், தெளிந்த தண்ணீரும் வேகமான ஓட்டமும் வேறொன்றுக்குச் சாதகம் என்றாள். ரோச் அழிந்துவிட்டதாகத் தான் நினைக்கவில்லை, எங்கோ ஒதுங்கியிருக்கும் என்றாள். நெவ் எழுந்து நின்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"ஏம்மா, அம்பது வருஷமா அந்தக் கரையில உக்காந்திருக்கேன். எங்க ஒதுங்கியிருக்கு? என் பின்னாடியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு டிசம்பரில் ஆற்றை அளக்கப் படகில் போகிறேன், நீங்களும் வாருங்கள், நீங்களே பாருங்கள் என்று அழைத்தாள். மறுக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவள் சொல்வது காதில் விழாவிட்டால் திருப்பிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உறைபனி விழுந்த காலை. படகின் அடியில் ஒலி அனுப்பும் கருவி ஒன்று இருந்தது. ஒலி மீனில் பட்டுத் திரும்பினால் திரையில் புள்ளி விழும். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு மைல் வந்தோம். நெவ் காலமெல்லாம் உட்கார்ந்த வளைவு, புகழ்பெற்ற பழைய ஓடத்துறை, மின் நிலையத்தின் கைவிடப்பட்ட வடிகால் எல்லாம் தாண்டினோம். திரை காலியாக இருந்தது. எங்கோ ஒரு பெரிய புள்ளி, அது பார்பல். ஒவ்வொரு காலி வளைவிலும் நெவின் முகத்தில் ஒரு கசப்பான திருப்தி வந்து உட்கார்ந்தது. தான் சொன்னதுதான் சரி என்று நிரூபணமாகிறதே.

பதினோரு மணிக்கு ஊருக்குள் வந்தோம். கார்ட்லெட்ஜ் படகுத்துறையின் வாசலைக் கடக்கும்போது உள்ளே ஒரு சுற்று போய் வரலாமா என்று பிரையனி கேட்டாள். அங்கே போகத் தேவையில்லை என்றார் நெவ். அது ஆற்றோரத்தில் தோண்டிய பெரிய குளம் மாதிரியான இடம். வாடகைப் படகும் சொந்தப் படகுமாக அறுபது எழுபது நெருக்கமாகக் கட்டியிருக்கும். போட்டி நாளில் தூண்டில் நூல்களை அறுத்துக்கொண்டு போகிற படகுகள் எல்லாம் அங்கிருந்து புறப்பட்டவைதான். இருபத்தைந்து வருஷமாக அவர் அந்த வாசலில் கால் வைத்ததில்லை.

படகு உள்ளே திரும்பியது. திரை கறுத்துப்போனது.

முதலில் பிரையனி கருவி கெட்டுவிட்டதென்று நினைத்தாள். நிறுத்தி மறுபடி போட்டாள். மறுபடியும் கறுப்பு. கூட வந்த படகோட்டி சின்ன வலை ஒன்றை இரண்டு படகுகளுக்கு நடுவே இறக்கி, பத்தடி இழுத்துத் தூக்கினான். தூக்க முடியவில்லை. நானும் பிடித்தேன். வலைக்குள் வெள்ளியும் சிவப்புமாகக் கொதித்தது. விரல் நீளக் குஞ்சு, உள்ளங்கை அகலம், ஒரு ராத்தல் தேறுகிற கிழங்கள், எல்லா வயதும் இருந்தன. அத்தனையும் ரோச். மரப்பலகை மேடையில் முட்டி போட்டுப் படகின் நிழலுக்குள் பார்த்தால் தரை தெரியவில்லை, முதுகுகள்தான் தெரிந்தன.

நீர்க்காகத்துக்குப் படகுகளுக்கு அடியில் புக இடமில்லை, தெளிந்த ஆற்றில் ஒளிய வேறு இடமும் இல்லை, அதனால் குளிர்காலத்துக்கு இங்கே கூடியிருக்கின்றன என்று பிரையனி விளக்கினாள். பல மைல் தூரத்து மீனெல்லாம் இங்கே இருக்கலாம் என்றாள். நான் நெவைப் பார்த்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் பலகையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி, தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான் இருந்தீங்களா?" என்றார் மீன்களிடம். "உங்களுக்காக நான் எத்தனை கடுதாசி எழுதினேன். இங்க வந்து, இந்தக் கார்ட்லெட்ஜ் பொம்பளை வீட்டுல உக்காந்திருக்கீங்க."

எழுந்திருக்கும்போது எதிரே அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு அவர் கண்ணில் பட்டது. ஜனவரி ஒன்பதாம் தேதி முதல் மூன்று வாரம் படகுத்துறை தூர்வாரப்படும், சகதி இயந்திரத்தால் அள்ளி எடுக்கப்படும், படகுச் சொந்தக்காரர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

பிரையனியும் அதைப் படித்தாள், ஐயோ, மீன்கள் செத்துவிடும் என்றாள். இந்தக் குளிரில் மீனுக்கு ஓட வலு கிடையாது. அடிச்சேறு கலங்கினால் தண்ணீரில் மூச்சுக்காற்று இருக்காது. வாசலிலேயே இயந்திரம் நிற்கும், வெளியே போகவும் வழி அடைபட்டிருக்கும். அனுமதியை யாரோ கோடைகாலத்திலேயே கொடுத்துவிட்டார்கள், கோடையில் இங்கே மீன் கிடையாது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதைத் திரும்பப் பெறக் காகிதம் நகர்ந்து முடிவதற்குள் வசந்தம் வந்துவிடும் என்றாள். சொந்தக்காரர் தானாக மனசு வைத்துத் தள்ளிப்போட்டால்தான் உண்டு.

"நீங்க உள்ளூர்க்காரர், மிஸ்டர் பெக்சன்" என்றாள். "நீங்க கேட்டா கேப்பாங்க, இல்லையா?"

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு படகுக்குத் திரும்பினார். அவர் கேட்கத் தயங்கிய காரணத்தை நான்தான் பிறகு அவளிடம் சொன்னேன்.

தொண்ணூற்று ஒன்றில் ஒரு பெரிய போட்டி நாளில் கார்ட்லெட்ஜ் படகு ஒன்று கரையை ஒட்டி ஓடி, வரிசையாகப் பதினோரு பேரின் நூலை அறுத்துவிட்டது. நெவ் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். படகுத்துறையைக் கட்டிய வால்டர் கார்ட்லெட்ஜை ஆற்றைத் திருடிச் சாக்கடைக் குட்டை வெட்டிய ஆள் என்று எழுதினார். அது அச்சான வாரம் வால்டர் ஆஸ்பத்திரியில் இருந்தார், நெவுக்கு அது தெரியாது. மூன்று வாரத்தில் அவர் இறந்துபோனார். அப்பாவுக்குக் கடைசியாக வாசித்துக்காட்டிய பத்திரிகை அதுதான் என்று மகள் லினெட் ஊரெல்லாம் சொன்னாள். அப்பாவுக்குப் பிறகு படகுத்துறையை நடத்துகிறவள் அவள்தான்; அன்றிலிருந்து அவள் நெவோடு பேசியதில்லை. நெவும் மன்னிப்புக் கேட்டதில்லை. படகு நூலை அறுத்தது உண்மைதானே என்பது அவர் வாதம்.

நான்கு நாள் யோசித்துவிட்டு நெவ் படகுத்துறைக்குப் போனார். நானும் போனேன். லினெட் அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். உயரமானவள், கையெல்லாம் எண்ணெய்க் கறை. பேச்சை ஆரம்பிக்கும் முன் நெவ் கழிப்பறை எங்கே என்று கேட்டார். குளிரில் எழுபது வயது மனிதனுக்கு அது தவிர்க்க முடியாதது. போனவர் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது காது சிவந்திருந்தது. அவருடைய அந்தப் பழைய கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, நிற்கிறவன் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தது. இருபத்தைந்து வருஷமாக மார்ல்பியின் படகுக்காரர்கள் எல்லோரும் நின்றபடி அதைப் படித்திருக்கிறார்கள்.

விஷயத்தை நானே சொன்னேன். மீன் இருப்பது தனக்குத் தெரியும் என்றாள் லினெட். ஆறேழு வருஷமாகவே ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் வருகிறதாம். சாப்பிட்ட ரொட்டியின் ஓரத்தை அவள் போடுவாளாம்.

"தெரியுமா?" என்றார் நெவ். "தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையா?"

"யாருகிட்ட சொல்லணும்? உங்ககிட்டயா?"

தூர்வாராவிட்டால் தன் படகுகள் சேற்றில் உட்காரும், பின்பக்க விசிறிகள் உடையும், இயந்திரக்காரனை எட்டு மாதம் முன்பே பேசி வைத்தாயிற்று என்று விளக்கினாள். பிறகு, நெவைப் பார்க்காமல், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏப்ரல் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. எங்கப்பாவைப் பத்தி எந்தப் பேப்பர்ல எழுதினீங்களோ அதே பேப்பர்ல மன்னிப்பு வரணும். அதே அளவுல வரணும். 'ஆனா'ன்னு ஒரு வார்த்தைகூட இருக்கக் கூடாது."

நெவ் எழுந்து வெளியே போய்விட்டார். காரில் உட்கார்ந்து ஊர் எல்லை தாண்டும் வரை திட்டினார். மீனைத் திட்டினார், பிரையனியைத் திட்டினார், செத்துப்போன வால்டரைத் திட்டினார், ஓட்டத் தெரியவில்லை என்று என்னையும் திட்டினார்.

அடுத்து நடந்ததை கிளெனிஸ் எனக்குச் சொன்னாள். வீட்டுக்கு வந்து மேல்சட்டையைக் கழற்றாமலே, எழுது என்றாராம். அவள் தட்டச்சுப் பொறியை மூடி வைத்துவிட்டாள்.

"அன்னைக்கு அந்தக் கடுதாசிய அடிச்சது நான்தான், நெவ். வேண்டாம், அந்தத் 'திருடன்'கிற வார்த்தைய எடுத்துடுன்னு கெஞ்சினேன். நீ கேக்கல. இருபத்தஞ்சு வருஷமா அந்தம்மாவ ரொட்டிக் கடையில பாத்தா நான் வேற பக்கம் திரும்பிக்கிறேன். இத நீயே உன் கையால எழுது."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் ஒன்பது முறை எழுதினாராம். முதல் கடிதம் இரண்டு பக்கம், அதில் ஒரு வரி மன்னிப்பு, மீதி படகுகளின் வேகத்தைப் பற்றி. இரண்டாவதில் நீர்க்காகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் கிளெனிஸ் வாங்கிப் படித்து, 'ஆனால்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். 'இருந்தபோதிலும்' என்று மாற்றிப் பார்த்தார். அதன் மேலும் விரலை வைத்தாள். மூன்றாம் நாள் காலை அவர் அடுப்படிக்கு வந்து, அவளிடம் ஒரு கேள்வி கேட்டாராம். அந்த வாரம் அந்த ஆள் அப்படிப் படுத்துக்கிடந்தது தனக்கு உண்மையிலேயே தெரியாது, அது அவளுக்காவது தெரியுமா என்று. தெரியும் என்றாள். அதைப் பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தன்னால் முடியவில்லை என்றார். அவ்வளவுதான் பேசினாராம். அன்று மதியம் எழுதியதுதான் பத்திரிகைக்குப் போனது:

"வால்டர் கார்ட்லெட்ஜ் திருடர் அல்ல. அவர் தன் கையால் ஒரு நல்ல படகுத்துறையைக் கட்டினார். 1991இல் அவரைப் பற்றி நான் எழுதியது தவறு. அவர் நோயுற்றிருந்த நேரத்தில் அது அவர் குடும்பத்தைப் புண்படுத்தியது. அவர் மகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். நெ. பெக்சன்."

பழைய கடிதத்தின் அளவுக்கு இது வரவில்லை. மீதி இடத்தைப் பத்திரிகைக்காரர்கள் வெள்ளையாகவே விட்டிருந்தார்கள், லினெட் அப்படிக் கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது. ஊர் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசியது. கசாப்புக் கடையில் ஒருவன் நெவின் தோளைத் தட்டினான், அது அவருக்கு ஏளனத்தைவிட எரிச்சலாக இருந்தது.

இயந்திரம் வரவில்லை. அதற்குப் பதிலாக லினெட்டிடமிருந்து சேதி வந்தது. தூர்வாராததால் ஒன்பது படகு சேற்றில் தட்டிக்கொண்டிருக்கிறது, சங்கத்துக்காரர்கள் வந்து கயிறு கட்டி ஆழமான பக்கத்துக்கு இழுத்துக் கட்ட வேண்டும், மீனைக் கலைக்காமல் மெதுவாகச் செய்ய வேண்டும். ஜனவரி மாதம் இரண்டு சனிக்கிழமை, பன்னிரண்டு பேர், இடுப்பளவு ரப்பர் காலணியோடு போனோம். அதில் ஒரு படகின் பெயர் 'விடுமுறை ராணி'. அது தொண்ணூற்று ஒன்றில் நூலை அறுத்த அதே படகு என்று நெவ் சாதித்தார். லினெட் இல்லை என்றாள். அதன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, முனகிக்கொண்டே, அவர்தான் முதலில் இழுத்தார். அவருக்குப் பின்னால் டேரன் ஊலி இழுத்தான். அவனுடைய பலத்தில்தான் படகு நகர்ந்தது என்பதை நெவ் ஒப்புக்கொள்ளவே இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை எங்கள் ஆட்களால் வந்தது. மீன் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, அங்கேயே ஒரு போட்டி வைத்தால் என்ன என்று பிப்ரவரிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பாதிப் பேர் ஆமோதித்தார்கள். இருபது வருஷமாக மீன் இல்லை என்று கத்திய செயலாளர் சந்தோஷமாகச் சம்மதிப்பார் என்று நினைத்திருப்பார்கள். நெவின் குரல் தாழ்ந்தது. பயந்து ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருப்பதைப் போய்ப் பிடிக்கிறவன் தூண்டில்காரன் இல்லை, அதைச் செய்ய ஏற்கெனவே நீர்க்காகம் இருக்கிறது என்றார். வாக்கெடுப்பு வைத்தோம். ஒரு வாக்கு வித்தியாசத்தில் அவர் பக்கம் ஜெயித்தது. அந்த ஒரு வாக்கு டேரனுடையது. அதற்காக அவர் அவனுக்கு நன்றி சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு அவனை மாடு மேய்க்கிறவன் என்று கூப்பிடவுமில்லை.

மார்ச் மாதம் பகல் நீண்டது. தண்ணீர் வெதுவெதுப்பானதும் மீன்கள் ஒரே நாளில் கூட்டமாகக் கிளம்பும் என்று பிரையனி சொல்லியிருந்தாள். அதைப் பார்க்க வேண்டும் என்று நெவ் பதினேழு நாள் தொடர்ந்து படகுத்துறையின் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலை ஏழு மணிக்கு வருவார், மாலை ஐந்து மணிக்குப் போவார். லினெட் முதல் வாரம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வாரம் தேநீர் வந்தது. மூன்றாவது வாரம், நாற்காலி வழியில் இருக்கிறது என்று திட்டு வந்தது.

பதினெட்டாம் நாள் கடைவாய்ப் பல் உயிர் போகிற வலி. கிளெனிஸ் அவரை இழுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போனாள். பல்லைப் பிடுங்கி, வாயில் பஞ்சோடு மத்தியானம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தொலைபேசி அடித்தது. லினெட். காலை பத்தே காலுக்கு மீன்கள் போய்விட்டன.

கிளெனிஸ் சொன்னாள், மனிதர் தொலைபேசியைச் சுவரில் அறைந்துவிடுவார் என்றுதான் பயந்தாளாம். பதினேழு நாள் உட்கார்ந்தவருக்கு அந்த ஒரு காலை கிடைக்கவில்லை. ஆனால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பஞ்சை வாயிலிருந்து எடுத்தார். எந்தப் பக்கம் திரும்பின என்று கேட்டார். மேல்நோக்கி என்றாள் லினெட். பெரியவை முன்னாலா, சின்னவையா? பெரியவை. எவ்வளவு நேரம் போயிற்று? நாற்பது நிமிடம். வாசலின் தண்ணீர் நிறம் மாறியதா? ஈயத் தகடு உருகி ஓடுவது போல இருந்தது என்றாள். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவள் சலித்துக்கொள்ளாமல் முதலிலிருந்து சொன்னாள். கால் மணி நேரம் பேசினார்கள். தொலைபேசியை வைத்ததும் நெவ், "அந்தம்மாவுக்குச் சரியா பாக்கத் தெரியுது" என்றாராம்.

ஏப்ரல் கடைசியில் இயந்திரம் வந்து சகதியை அள்ளியது. அந்தக் கோடையில் ஆற்றில் ரோச் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. பழைய காலம் திரும்பிவிட்டது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. அது திரும்பாது என்று பிரையனி தெளிவாகவே சொல்லிவிட்டாள், ஆறு இப்போது வேறு ஆறு. நெவ் அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. மீன் குஞ்சு லட்சம் கொண்டுவந்து விடச் சொல்லி எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

நவம்பரில் மீன்கள் மறுபடி படகுத்துறைக்கு வந்தன. அந்த வாரமே லினெட் ஆறு படகுகளை வண்ணம் பூசுவதற்காகத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைக்கப் போகிறாள் என்ற செய்தியும் வந்தது. நெவ் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். ஆறு படகைத் தூக்கினால் ஆறு படகு நீளத்துக்குக் கூரை போய்விடும், நீர்க்காகம் அந்த ஓட்டை வழியாக நேராக இறங்கும், வசந்தம் வரை ஒரு படகைக்கூட எடுக்கக் கூடாது, முடிந்தால் பக்கத்துத் துறையிலிருந்து நாலைந்து படகு கூடுதலாக வரவழைத்துக் கட்ட வேண்டும் என்றார். உரக்கத்தான் சொன்னார்.

லினெட் தூரிகையைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு இன்னும் படகு வேணுமா, பெக்சன்?"

"எனக்கு வேண்டாம்" என்றார். "அதுங்களுக்கு வேணும். நான் இன்னும் உங்க படகுகளச் சகிச்சுக்கல."

நான்கு படகை மட்டும் தூக்குவது என்று முடிவாயிற்று. அந்த நாலு எவை என்பதில் அவர்களுக்குள் தகராறு நடந்துகொண்டிருந்தபோது எனக்குக் குளிர் தாங்கவில்லை, நான் காருக்குப் போய்விட்டேன்.